கருப்பையாவுக்கு, மரம் அறுக்கிற மெஷின் விஷயமாக

பேராவூரணி,
ஐப்பசி 20

அன்புள்ள கருப்பையா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை பிடித்துக்கொண்டது, கூடவே சின்னவள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்திருக்கிறாள். மூன்று கிலோ, என் மூக்கு. மூக்கைப் பற்றி உன் தங்கச்சிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து அவள் இளைத்துவிட்டாள்.

நீ உள்ளே வைத்து அனுப்பிய விளம்பரத் துண்டைப் பார்த்தேன். மரம் அறுக்கிற செயின் சா மெஷின், 62 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளப் பட்டை), விலை 5,500. கீழே உன் கையெழுத்தில், "வாங்கலாமா? நீதான் சொல்லணும்." சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், அதை யார் தூக்குவது? போன வருஷம் முழுக்கத் தோள்பட்டை வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடந்தவன் நீ. அந்த மெஷின் வெறும் உடம்பே ஐந்து கிலோவுக்கு மேல். பார், செயின், டேங்க் நிறைய பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்தால் ஏழைத் தாண்டும். ஏழு கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தபடி அரைமணி நேரம் நின்று பார். அதுவும் ஆடிக்கொண்டே இருக்கிற அரிசிப் பை.

அந்த 62 என்கிற எண்ணையும் நம்பாதே. இந்த மாதிரி சீன மெஷின்கள் நாலைந்து என்னிடம் ரிப்பேருக்கு வந்திருக்கின்றன. பெட்டியில் 58, 62 என்று ஆளுக்கொன்று போட்டிருப்பான். சிலிண்டரைக் கழற்றி அளந்து கணக்குப் போட்டால் எதுவும் 55-ஐத் தாண்டவில்லை. ஐ.டி.ஐ.யில் நமக்குச் சொல்லிக் கொடுத்த கணக்குதானே, விட்டத்தின் வர்க்கத்தை π-யால் பெருக்கி, நாலால் வகுத்து, ஸ்ட்ரோக்கால், அதாவது பிஸ்டன் நகரும் நீளத்தால், பெருக்கணும். நீதான் அதில் நூற்றுக்கு நூறு வாங்கினவன்.

உன் கொல்லையில் இருப்பது சீமைக்கருவேலம். தொடை கனத்துக்கு மேல் எத்தனை இருக்கும்? அதற்கு 16 அங்குல பார் தாராளம். 38 சிசி என்று போட்டுச் சின்ன மெஷின் ஒன்று வருகிறது, அது போதும். நிறுத்தி நிதானமாக அறுக்கலாம், கை நடுங்காது. பெரிய கம்பெனி மெஷினில் இதைவிடச் சிறியது, 31.8 சிசி, நாலு கிலோ சொச்சம்தான், அது அறுக்கிற அறுப்பைப் பார்த்தால் நீ சிசியைப் பற்றிப் பேசவே மாட்டாய். ஆனால் விலை மூன்று நாலு மடங்கு. வருஷத்துக்கு இருபது நாள் விறகு அறுக்கிறவனுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

கரண்டில் ஓடுவதை வாங்கினால் என்ன என்று உன் மகன் கேட்டானாமே. வீட்டை ஒட்டி அறுப்பதென்றால் நல்ல யோசனைதான். பெட்ரோல் வேண்டாம், கார்புரேட்டர் வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம். ஆனால் கண்மாய்க்கரை வரைக்கும் ஒல்லி ஒயரை இழுத்துக்கொண்டு போனால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகிப் புகையும். கையடக்கமாக ஆறு அங்குல பேட்டரி மெஷின் ஒன்று வீடியோவில் எல்லாம் வருகிறதே, அது முருங்கைக் கிளைக்கும் வேலிக்கும்தான். அதன் பேட்டரியில் 48 வோல்ட், 88 வோல்ட் என்று எழுதியிருக்கும். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஐந்து செல் வரிசையாக இருந்தது. ஒரு செல் முழுசாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். ஐந்துக்கு 21. மீதியெல்லாம் ஸ்டிக்கரில் இருக்கிற வோல்ட்.

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டிருந்தாய். கஜா புயலில்தான். 2018 நவம்பர் 16, விடிந்து கதவைத் திறந்தால் தோப்பு முழுசும் ஒரே திசையில் படுத்திருந்தது. நூற்று நாற்பதில் முப்பத்தொன்று நின்றது. வாசலுக்குப் போகவே வழியில்லை. கோடாரியை எடுத்தேன். தென்னையைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை, வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே சோறு. ஒரு மரத்தைத் துண்டு போடவே மத்தியானம் ஆகிவிட்டது. நாலாவது நாள் வெளியூரிலிருந்து மெஷினோடு பையன்கள் வந்தார்கள். மரத்துக்கு இவ்வளவு என்று பேசி, ஒரே நாளில் வாசலைத் திறந்துவிட்டார்கள்.

அந்தப் பையன்களிடம்தான் ஒன்று பார்த்தேன், அதை உனக்குக் கட்டாயம் சொல்லணும். கிணற்றடி மாமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. வேர்த்தூர் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது, அடியில் ஆள் உயரத்துக்குக் குழி. ஒருவன் தூரிலிருந்து நாலடி தள்ளி மெஷினை வைத்தான். துண்டு கீழே விழுந்ததும், மிச்சமிருந்த அடிமரம் முனகிக்கொண்டே நிமிர்ந்து குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மரம் முன்பு நின்ற அதே இடத்தில், அதே நிமிர்வில். பாரம் போனதும் மண்ணோடு இருந்த வேர் தன் கனத்தில் திரும்பி விழுந்திருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அந்தக் குழிக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளை இறங்கி மாம்பலகைத் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. உன் கொல்லையில் சாய்ந்து கிடக்கிற பூவரசை அறுக்கும்போது குழிப்பக்கம் ஒரு கோழியைக்கூட விடாதே.

பிறகு இரண்டு வருஷம் கழித்துப் பட்டுக்கோட்டையில் பழைய இரும்புக் கடையில் ஒரு மெஷின் கிடந்தது. அதே சீனச் சாதி. ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாரோ எடைக்குப் போட்டிருக்கிறார்கள். 1,500 சொன்னான். வாங்குவதற்கு முன்னால் சைலன்சரின் இரண்டு போல்ட்டை மட்டும் கழற்றித் தரச் சொல்லி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்தேன். பழையது வாங்குவதாக இருந்தால் நீயும் இதைத்தான் முதலில் பார்க்கணும். பிஸ்டன் பக்கவாட்டில் மேலும் கீழுமாகக் கீறல் விழுந்திருந்தால் ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறான் என்று அர்த்தம், தொடாதே. வழவழவென்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம். இது வழவழவென்று இருந்தது. பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன், கடைக்காரனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பிரித்தால், டேங்குக்குள் போகிற பெட்ரோல் டியூப் ஊறிப்போய் கையோடு பிய்ந்து வந்தது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறதே, அது ஈரத்தை இழுக்கும், இந்த மாதிரி மலிவான ரப்பரையும் சும்மா விடாது. மாதக்கணக்கில் டேங்கில் விட்டு வைத்தால் இதுதான் கதி. கார்புரேட்டருக்குள் டயாபிரம் என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, நம் மொபெட்டில் மிதவை செய்த வேலையை இதில் அதுதான் செய்கிறது. மெஷினைக் கவிழ்த்தாலும் சாய்த்தாலும் ஓடணும் அல்லவா, மிதவை எப்படி ஆகும்? டயாபிரம் வெற்றிலைத் தளிர் மாதிரித் துவள வேண்டும். இதில் அப்பளம் மாதிரி மொடமொடத்துக் கிடந்தது. டயாபிரம் கிட், டியூப், பில்டர், புது பிளக் எல்லாம் சேர்த்து நானூறுக்குள் முடிந்தது. பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்கும் சுற்றுகிற ஃப்ளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்தேன். கல்யாண மண்டபக்காரர் கொடுத்த கார்டு, இன்றைக்கு வரைக்கும் அதற்குத்தான் பயன்பட்டிருக்கிறது. ஆறாவது இழுப்பில் பிடித்தது. நம் டிவிஎஸ் 50 புகை வாசம்! அடுப்படியிலிருந்து அவள் ஓடிவந்து, "யாரு வந்திருக்கா?" என்றாள்.

பெட்ரோலில் ஆயில் கலக்கிற விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பங்கில் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயிலைப் பம்பில் அடித்து வாங்கிய காலம் போய்விட்டது, நாமே அளந்து ஊற்றணும். இந்தச் சீன மெஷின்களுக்கு லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25-க்கு ஒன்று. நல்ல கம்பெனி மெஷினுக்கு அவர்கள் ஆயிலே போட்டால் 20 மில்லி போதும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், அதைப் பார்த்து இதற்கும் குறைத்துவிடாதே. பிள்ளைகளுக்கு டானிக் கொடுக்கிற அளவு மூடி இருந்தால் அதுவே சரி. வேலை முடிந்தால் டேங்கைக் கவிழ்த்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட்டி நிறுத்து.

இவ்வளவும் இஞ்சின் கதை. அறுக்கிறது இஞ்சின் இல்லை, பல். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. மெஷின் புதுசாக இருக்கும்போது வெண்ணெயாக இறங்கும், மண்ணில் ஒரு தடவை பட்டால் போச்சு. அப்புறம் ஆள் மெஷினை அமுக்குவான், புகை வரும், பார் சூடாகும், "சீன மால் அப்படித்தான்" என்பான். தூளைப் பார், அது சொல்லும். தேங்காய்த் துருவல் மாதிரிச் சீவலாக விழுந்தால் பல் கூர். கோதுமை மாவாகப் பறந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடு.

அரம் உருண்டையாக இருக்கணும். பெரிய சீன மெஷின் செயினுக்கு 4.8 மி.மீ., நான் உனக்குச் சொன்ன சின்னதற்கு 4 மி.மீ. பல்லின் மேலேயே சாய்வாக ஒரு கோடு வெட்டியிருப்பான், 30 டிகிரி, அதற்கு இணையாக உள்ளிருந்து வெளியே தள்ளு. இழுக்கும்போது தொடாதே. பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கம் கூடுதலாக ராவினால் அறுப்பு வளைந்துகொண்டு போகும், என் முதல் பலகையெல்லாம் பிறை நிலா. நாலைந்து தடவை ராவியபின் பல்லுக்கு முன்னால் இருக்கிற சின்ன மொட்டையும் தட்டை அரத்தால் ஒரு இழுப்பு இறக்கணும். அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கணும். அதிகம் இறக்கினால் மெஷின் மரத்தைக் கடித்துக்கொண்டு உன்னை இழுக்கும்.

இந்தப் பல்லின் வடிவத்தை அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரம் துளைக்கிற ஒரு வண்டின் புழுவைப் பார்த்துப் பிடித்தாராம். அது 1946. அந்தப் புழு நேராகக் குடையாமல் இடம் வலமாகத் தாடையை ஆட்டி மரத்தைச் சீவிக்கொண்டு போனதாம். மறு வருஷமே போர்ட்லாண்டில் தன் வீட்டின் அடித்தளத்தில் அதே மாதிரிச் செயின் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் பல் இடம் ஒன்று வலம் ஒன்றாக மாறி மாறி இருக்கிறது. நாம் தென்னங்குருத்தில் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுத்துப் போட்டதோடு சரி.

எதிர்வீட்டுத் தம்பி புதுசாக ஒன்று வாங்கி, மரம் புகைகிறதே தவிர அறுபடவில்லை என்று கடைக்காரனோடு சண்டைக்குக் கிளம்பினான். போய்ப் பார்த்தால் செயினைத் திருப்பி மாட்டியிருக்கிறான். மேல் பக்கத்தில் பல்லின் கூர் உனக்கு எதிர்த்திசையில், பாரின் நுனியைப் பார்த்து இருக்கணும். மாட்டியதும் நுனியைப் பழைய செய்தித்தாளுக்கு நேரே காட்டி ஆக்சிலேட்டரைக் கொடு. காகிதத்தில் எண்ணெய்க் கோடு விழவில்லையென்றால் செயினுக்கு ஆயில் விடுகிற ஓட்டை அடைத்திருக்கிறது, குச்சியால் குத்திவிடு.

பயமும் சொல்லிவிடுகிறேன். பாரின் நுனி, அதுவும் மேல் பாதி, எதிலும் படக்கூடாது. கிளைக்குப் பின்னால் தெரியாமல் இன்னொரு கிளை இருந்தது எனக்கு. மெஷின் ஒரே துள்ளில் முகத்துக்கு வந்துவிட்டது. முன்னால் இருக்கிற கைத்தடுப்பு மணிக்கட்டில் இடித்துப் பிரேக் விழுந்ததால் இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். வாங்கும்போது கடையிலேயே ஓட்டச் சொல்லி அந்தப் பிரேக்கைத் தள்ளிப் பார். செயின் சட்டென்று நிற்கவில்லையென்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கைலியோடு நிற்காதே. பேண்ட், ஷூ, கண்ணாடி. கருவேல முள் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெளியூர்ப் பேருந்தில் பார்சல் போடுகிறேன். உள்ளே 4 மி.மீ. அரம் இரண்டு, பழைய செயின் ஒன்று. மெஷின் வாங்குவதற்கு முன்னால் அந்தச் செயினைத் திண்ணையில் வைத்து ராவிப் பழகு. விரலைக் கிழித்துக்கொள்ளாமல் ஒரு சுற்று முடித்துவிட்டால் எழுது, தை பிறந்ததும் பரமக்குடி வருகிறேன், சேர்ந்து போய்க் கடையில் பார்ப்போம். கரிமூட்டம் போடுகிற இடத்தையும் காட்டு, இவள் ரொம்ப நாளாகப் பார்க்கணும் என்கிறாள். அதே பார்சலில் பத்து தேங்காயும் இருக்கும். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகளில் முதல் பறிப்பு. சின்னதாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
ராசேந்திரன்