நண்பனுக்கு ஒரு கடிதம்: அடைத்த தடமும் காத்திருந்த வண்டிகளும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. பேரன் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சாலை வேலை நடந்த இடத்தில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டதைத்தான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அடைத்த தடத்தில் ஒரு ஆள்கூட இல்லை, காலியாகக் கிடந்தது என்பதுதான் உன் பெரிய கோபம். நானும் இப்போது அதே மாதிரி வேலையில்தான் இருக்கிறேன். ஒரு நெடுஞ்சாலையின் மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தார் போட வேண்டும். போக்குவரத்துத் திட்டம் என் பொறுப்பு.

காலியாகக் கிடந்த தடம் பெரும்பாலும் ஆறிக்கொண்டிருந்திருக்கும். கலவை 150 டிகிரிச் சூட்டில் லாரியிலிருந்து இறங்கும். அது 90 டிகிரிக்கு வருவதற்குள் ரோலர் ஓடி இறுக்கிவிட வேண்டும். ரோலர் போன பிறகும் உள்ளே சூடு இருக்கும். அந்த நேரத்தில் ஒரு கனரக லாரி அதன்மேல் நின்றால் டயர் பள்ளம் அப்படியே பதிந்துவிடும். அப்புறம் மழைத்தண்ணீர் அதில்தான் தேங்கும். தாருக்குத் தண்ணீரைப் போல எதிரி கிடையாது.

ராத்திரியிலேயே முடிக்கக் கூடாதா என்று கேட்டாய். 10 மணிக்கு அடைத்துக் காலை 5 மணிக்குத் திறந்தால் ஏழு மணி நேரம் இருப்பது போலத் தெரியும். கூம்புகளை வைத்து, பலகைகளை நிறுத்தி, விளக்கு போட ஒரு மணி நேரம். அதையெல்லாம் எடுக்க இன்னொரு மணி நேரம். ஆறுவதற்கும் நேரம் விட்டால் உருப்படியாகக் கையில் நிற்பது நாலு மணி நேரம்தான். ஒவ்வொரு ராத்திரியும் வேலையை நிறுத்தும் இடத்தில் குறுக்கே ஒரு இணைப்பு விழும். வண்டி தூக்கிப் போடுவதும் விரிசல் விடுவதும் முதலில் அங்கேதான். முப்பது ராத்திரி என்றால் முப்பது இணைப்பு. இதற்கு நடுவில் சுரண்டிய தடத்துக்கும் பழைய தடத்துக்கும் ஐந்து சென்டிமீட்டர் மேடு பள்ளம் இருக்கும். பைக்கில் வருகிறவன் அந்த விளிம்பில் தடம் மாறினால் சக்கரம் வழுக்கிக் கீழே விழுவான். எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்த விளிம்புதான்.

பகலில் ஒரு தடத்தை மட்டும் அடைப்பது இன்னும் மோசம். மிஞ்சிய ஒரே தடத்தில் மணிக்கு 1,500 வண்டி போகிறது, வருவது 2,000 என்று வைத்துக்கொள். ஒரு மணி நேரத்தில் 500 வண்டி தேங்கும். வண்டிக்கு 7 மீட்டர் என்றால் ஒரே வரிசையில் மூன்றரை கிலோமீட்டர். பிறகு வரத்து 1,200 ஆகக் குறைந்தாலும் மணிக்கு 300 வண்டிதான் கரையும். ஒரு மணி நேரத்தில் சேர்ந்தது கரைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கூட்டமே இல்லாத மதியத்தில் நீ நின்றாயே, அது காலையில் சேர்ந்த வரிசை.

அதனால் மோசமான பகுதிக்கு மட்டும், வாரக் கடைசியில் ஒரு பக்கத்தை முழுசாக மூடி, எதிர்ப்பக்கத்தில் இரு திசைக்கும் வழி விடலாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் ஆலோசனைக் கூட்டத்தில் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். 2011 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பாலத்தின் பாதியை இடிக்க 405 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை ஒரு வாரக் கடைசிக்கு மூடினார்கள். ஊரே ஸ்தம்பித்துவிடும் என்று எல்லோரும் நடுங்கினார்கள். பல வாரம் முன்பிருந்தே சொல்லி வைத்ததால் ஜனங்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள், சாலைகள் வெறிச்சோடின, வேலையும் சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்தது. முன்கூட்டியே நேர்மையாகச் சொன்னால் ஜனங்கள் ஒத்துழைப்பார்கள் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

உன்னிடம் ஒரு உதவி. நீ மாட்டிய அன்றைக்கு முதல் எச்சரிக்கைப் பலகை எங்கே இருந்தது? மாற்றுவழி பிரியும் இடத்துக்கு முன்னாலா, தாண்டியா? நினைவிருக்கிற வரைக்கும் எழுது. என் பலகைகளை எங்கே நிறுத்துவது என்று அடுத்த வாரம் முடிவு செய்யப் போகிறோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்