பேக்கர் கடற்கரைப் பீரங்கித் தளம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். உங்கள் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் இருக்கும் சேம்பர்லின் பீரங்கித் தளத்தைப் பற்றி, "ஒரு எதிரியைக்கூடச் சுடாத பீரங்கியை எதற்கு வைத்திருக்கிறார்கள்?" என்று பேரன் கேட்டானாம். நியாயமான கேள்வி. தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். நீ படித்து அவனுக்குச் சொல்.

அமெரிக்கத் துறைமுகங்களின் காவல் பழமைப்பட்டுப்போனதை ஆராய 1885-இல் போர்த்துறைச் செயலர் எண்டிகாட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. மறு ஆண்டு அது தந்த பரிந்துரையிலிருந்து நாட்டின் கரைகளெங்கும் காங்கிரீட் தளங்கள் எழுந்தன. அந்த வரிசையில் 1904-இல் கட்டி முடிக்கப்பட்டதுதான் இது. கோல்டன் கேட் பாலம் திறக்கப்பட்டது 1937-இல் என்பதை நினைத்துப் பார். பாலமே இல்லாத காலத்தில், அது இன்று கடந்து நிற்கும் கோல்டன் கேட் நீரிணையின் வாயைக் காக்க நான்கு ஆறு அங்குலப் பீரங்கிகள் இங்கே நிறுத்தப்பட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய கேப்டன் லோவெல் சேம்பர்லினின் பெயரைத் தளத்துக்கு இட்டார்கள்.

அந்தப் பீரங்கிகள் ஒளிந்துகொள்ளக்கூடியவை. இயந்திரங்களோடே வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த அமைப்பை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்பு குறைவதில்லை. நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தில் துலாவின் மறுமுனையில் பாரம் கட்டியிருப்பதைப் போல, பீரங்கியைத் தாங்கும் கைகளின் கீழ்முனையில் பெரும் ஈயப் பாரம் தொங்குகிறது. சுட்டவுடன் ஏற்படும் பின்னுதைப்பு குழலைப் பின்னும் கீழுமாகத் தள்ள, அந்த வேகமே ஈயப் பாரத்தைக் குழியிலிருந்து மேலே தூக்கிவிடுகிறது. குழல் காங்கிரீட் சுவருக்குப் பின்னே இறங்கி அங்கேயே கொக்கியில் பூட்டிக்கொள்கிறது. வீரர்கள் சுவரின் மறைவில் நின்று ஏறத்தாழ 48 கிலோ எடையுள்ள குண்டையும் வெடிமருந்தையும் செலுத்தியபின் பூட்டை விடுவித்தால், பாரம் குழிக்குள் இறங்கிக் குழலைச் சுவருக்கு மேலே உயர்த்துகிறது. கெடுதல் செய்யும் உதைப்பையே அடுத்த முறை தூக்குவதற்கான சக்தியாகச் சேமித்து வைத்த பஃபிங்டன், குரோசியர் என்னும் இரு அதிகாரிகளின் பெயராலேயே அந்தத் தாங்கி அழைக்கப்பட்டது.

கடலிலிருந்து வரும் குண்டு தாழ்வாகவும் நேராகவும் வரும் என்ற கணிப்பில்தான் அந்தச் சுவர் எழுப்பப்பட்டது. போர்க்கப்பல்கள் தொலைவிலிருந்து குண்டை உயர எறியக் கற்றதும், விமானங்கள் தலைக்கு மேலே வந்ததும், முன்பக்கச் சுவர் மட்டும் போதாமல் போயிற்று. கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; 1904-இல் அந்தக் கணிப்பு சரியானதே. 1917-இல் முதல் உலகப் போருக்காக நான்கையும் கழற்றி எடுத்தார்கள். 1920-இல், மறையும் வசதி இல்லாத எளிய தாங்கிகளில் இரண்டு பீரங்கிகள் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, நீரிணைக்கு வெளியே கடலில் இட்டிருந்த கண்ணிவெடிகளை எதிரி அகற்றிவிடாமல் காப்பதே அவற்றின் பணி. எதிரிக் கப்பல் எதுவும் வரவில்லை. 1948-இல் அவையும் அகற்றப்பட்டன.

சுடாததால் அது வீண் என்று பேரன் நினைக்க வேண்டாம். துறைமுகக் காவலின் பயன், உள்ளே நுழையத் துணியும் பகைவனைத் தயங்க வைப்பதிலும் இருக்கிறது. அதைவிட, இத்தகைய தாங்கிகளில் பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போய்விட்டன என்பதே எனக்கு வருத்தம். இன்று அங்கே நிற்பது, 1977-இல் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து பொருத்திய அதே வகைப் பீரங்கி. தாங்கியோடு சேர்த்து ஏறத்தாழ 43 டன் எடையுள்ள அதைத் தேசியப் பூங்காத் துறையினரும் தன்னார்வலர்களும் பராமரிக்கிறார்கள்.

வார இறுதிகளில் சில நாட்கள் அதை இயக்கிக் காட்டுவது வழக்கம். எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு குடும்பத்தோடு போங்கள். குழல் எழும்பும்போது எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள். நீங்கள் குழிக்குள் ஈயப் பாரம் இறங்குவதைப் பாருங்கள்.

அன்புடன்,
அப்பா