ஊழியர் காப்புறுதி: புதுப்பிக்கும் முன் ஒரு பார்வை

கடை, உணவகம், பட்டறை நடத்தும் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளர் அனுமதி) வைத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும்தான் இது. இருமலுக்குக் கிளினிக் போனால் கட்டாயக் காப்பு கைகொடுக்காது.

பலர் இடறுவது செலவுப் பகிர்வில். முதல் 15,000 வெள்ளி வரை காப்புறுதி நிறுவனம் கட்டும். அதற்கு மேல் 25 விழுக்காடு முதலாளி தலையில். பில் 27,000 வந்தால் உங்கள் பங்கு 3,000 வெள்ளி. அதை இப்போதே ஒதுக்கி வையுங்கள். பிரீமியத்தை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

2025 ஜூலை முதல், 50 வயது வரையிலான ஊழியருக்கு ஒரு பிரீமியம், அதற்கு மேற்பட்டவருக்கு வேறு. சமையற்காரருக்கு 52 என்றால் பழைய விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வேலையிடக் காய இழப்பீட்டுக் காப்புறுதி தனி. மருத்துவக் காப்புறுதி இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய அடிப்படை மருத்துவக் காப்புறுதி உண்டு; குழுக் காப்புறுதி உங்கள் விருப்பம். 40 வயதைத் தாண்டியவர்களை ஹெல்த்தியர் எஸ்ஜி என்ற தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேரச் சொல்லுங்கள், முதல் சுகாதாரத் திட்ட ஆலோசனை இலவசம்.

கடைசியாக, உங்கள் உடல்நலம்: புத்தாண்டில் எடுத்த நடைத் தீர்மானம் என்ன ஆயிற்று? வாரத்துக்கு 150 நிமிட வேக நடை வேண்டும். கல்லாவில் நிற்பது கணக்கில் வராது. பால் கலந்த தே தாரிக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் குடியுங்கள்.