லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா: உசிலம்பட்டிக்கு ஒரு கடிதம்

வில்லாபுரம், மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனில் நாலு வார்த்தை சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுத நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். லோன் கிடைத்து, 12 ஊசி எம்பிராய்டரி மெஷின் வீட்டு முன்னறையில் இறங்கிவிட்டது என்று நீ எழுதியிருந்த வரியை உன் தங்கச்சிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் ஒரே மெஷினில் நீ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி மிதித்து, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் உடுப்பு தைத்தோமே, அவளுக்கு அந்தக் கதையெல்லாம் மனப்பாடம். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தூணுக்குத் தூண் தையல் சத்தம் கேட்ட இடம். அந்தச் சத்தம் இல்லாமல் அதைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மெஷினுக்கு லேப்டாப் வாங்குவதா, டெஸ்க்டாப் வாங்குவதா? உன் மகன், என் மருமகன், லேப்டாப்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறாய். நான் டெஸ்க்டாப் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள். உன் மெஷினை ஓட்டுவது கம்ப்யூட்டர் இல்லை, அதிலேயே திரையோடு இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாவது பேனல்தான். நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன், டஹாவ் கம்பெனி பேனல் போட்ட சீன மெஷின். டிசைனைப் பென் டிரைவில் கொண்டுபோய்ச் செருகினால் பேனல் அதைத் தன் மெமரியில் ஏற்றிக்கொள்ளும். அதன்பிறகு கம்ப்யூட்டரை நீ அணைத்தே வைக்கலாம். மெல்கோ மாதிரி சில மெஷின்களைத்தான் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்க வேண்டியிருக்கும். உன்னுடையது அந்த வகை இல்லை.

மெஷினுக்குப் போகிற ஃபைல் எவ்வளவு சின்னது தெரியுமா? டிஎஸ்டி ஃபைலில் ஒரு தையலுக்கு 3 பைட், தலைப்புக்கு 512 பைட், அவ்வளவுதான். பிளவுஸ் கைக்கு ஒரு மயில், 18,000 தையல் என்று வை. மொத்தமே சுமார் 54 கேபி. மருமகன் போனில் எடுக்கிற ஒரு போட்டோவில் இப்படி ஐம்பது மயில் அடங்கும். அந்த மயிலை நிமிஷத்துக்கு 600 தையல் வேகத்தில் ஓட்டினால் அரை மணி நேரம். நூல் வெட்டுவதும் கலர் மாற்றுவதும் தனி. அவ்வளவு நேரமும் கம்ப்யூட்டருக்கு அங்கே வேலையே கிடையாது.

அப்படியானால் கம்ப்யூட்டர் எதற்கு? பஞ்சிங் போடுவதற்கு. படத்தைப் பார்த்துத் தையலாக மாற்றுகிற அந்த வேலைக்குத்தான் அதை வாங்குகிறோம். மயில் கழுத்தில் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும், இலையில் வரிக்கு வரி 0.4 மில்லிமீட்டர் விடுவதா, ஜரிநூல் என்பதால் இன்னும் கொஞ்சம் விட்டுக் கொடுப்பதா, பட்டுத்துணி இழுத்துக்கொள்ளும் என்று ஓரத்தை எவ்வளவு கூட்டிப் போடுவது, அடித்தையல் எங்கே வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து முடிவுசெய்கிற வேலை அது. ஒரு டிசைனுக்கு மூன்று மணி நேரம் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். 15 இன்ச் திரையில் குனிந்து பார்த்த காலத்தில் ராத்திரி படுத்தால் பிடரி வலிக்கும். 24 இன்ச் மானிட்டரைக் கண்ணுக்கு நேராக வைத்த பிறகு அந்த வலி போய்விட்டது. டிசைனைத் துணியில் வரப்போகிற அளவிலேயே திரையில் வைத்துப் பார்க்கவும் முடிகிறது. சின்ன எழுத்துகள் மொத்தையாகப் போகுமா என்பது அதில் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நானும் முதலில் லேப்டாப்தான் வாங்கினேன். இடம் மிச்சமாகும் என்று மெஷின் மேஜையிலேயே வைத்தேன். ஊசித்தலை ஓடுகிற அதிர்வு முழுக்க அதற்குள் இறங்கியது. அப்புறம் நூல் பிசிறு. பஞ்சு மாதிரி பறக்கிற அந்தப் பிசிறை லேப்டாப் ஃபேன் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. மே மாத மதுரை வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைக்கு 400 பேட்ஜ் ஆர்டர் எடுத்திருந்த நேரத்தில் சூடாகிச் சூடாகித் தானாக அணைய ஆரம்பித்தது, ஒரு சாயங்காலம் திரையே வரவில்லை. சரிபார்க்கக் கொடுத்த இடத்தில் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, போர்டு போய்விட்டது, மாற்ற இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகை சொன்னார்கள். கூடக் கொஞ்சம் போட்டால் இன்னொன்றே வாங்கிவிடலாம்.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. அந்த பேட்ஜைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுங்கள் என்று பள்ளியில் கேட்டார்கள். பஞ்சிங் போட்ட மூல ஃபைல் லேப்டாப்போடு போய்விட்டது. கையில் இருந்தது பென் டிரைவில் கிடந்த டிஎஸ்டி மட்டும். அதில் இருப்பது ஊசி குத்துகிற இடங்கள்தான். வடிவம் இல்லை, நூலின் கலர்கூட இல்லை, எந்த இடத்தில் கலர் மாற வேண்டும் என்பது மட்டும் உண்டு. அதைப் பேனலில் வைத்துப் பெரிதாக்கினால் தையல் எண்ணிக்கை அதிகமாகாது, நடுவில் துணி தெரியும். மூல ஃபைல் இருந்திருந்தால் மென்பொருளே தையலைச் சேர்த்துப் போட்டிருக்கும். தெரிந்தவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விடிய விடிய மறுபடி முதலிலிருந்து பஞ்சிங் போட்டேன். நீ எந்தப் பெட்டி வாங்கினாலும் சரி, மூல ஃபைலை இரண்டு இடத்தில் வைக்க, பஞ்சிங் போடப்போகிற உன் மகளுக்கு, என் மருமகளுக்கு, சொல்லிக் கொடு. எந்தக் கலருக்கு எந்த நூல் போட்டோம் என்று ஒரு நோட்டிலும் எழுதச் சொல்.

கரண்ட் போனால் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று மருமகன் கேட்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் கரண்ட் போனால் மெஷினும் நின்றுவிடுமே, மாப்பிள்ளை. எந்தத் தையலில் நின்றது என்பதைப் பேனல் ஞாபகம் வைத்திருக்கும், கரண்ட் வந்ததும் அங்கிருந்தே ஓட்டலாம். திரையில் பாதியில் நிற்கிற பஞ்சிங்கைத்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும். சேவ் செய்து நிதானமாக அணைக்கிற அளவுக்கு நேரம் கொடுக்கும்.

புதிதாகவே வாங்க வேண்டும் என்று இல்லை. நான் ஒரு ஆபீஸில் கழித்துவிட்ட பெட்டியைத்தான் 15,000 ரூபாய்க்குள் முடித்தேன், மானிட்டர் மட்டும் புதிது. பழையது எடுத்தால் இன்டெல் பிராசஸர் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பெட்டிகளை மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்வதில்லை. ரேம் 8 ஜிபி இருந்தால் ஓடும், 16 இருந்தால் நல்லது. எஸ்எஸ்டி கட்டாயம். தனி கிராபிக்ஸ் கார்டு தலையில் கட்டப் பார்ப்பார்கள், இந்த வேலைக்கு அது வேண்டாம். மாதம் ஒரு தடவை பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பிளோயரால் பிசிறை ஊதிவிடு. இந்த ஒரு வசதிக்காகவே நான் டெஸ்க்டாப் பக்கம் நிற்பேன். எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பெட்டியோடு தூக்கிப் போட வேண்டியதில்லை. மேஜையை மெஷினிலிருந்து தள்ளிப் போடு.

மென்பொருள் விஷயத்தில் அவசரப்படாதே. உடைத்த காப்பி போட்டுத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். வைரஸும் சேர்ந்து வரும், பென் டிரைவ் வழியாக எல்லா இடத்துக்கும் போகும். இங்க்ஸ்டிட்ச் என்று ஒன்று இருக்கிறது, இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளோடு சேர்ந்து ஓடும், காசு கிடையாது, டிஎஸ்டி ஃபைலும் எழுதித் தரும். மருமகள் அதில் கை பழகட்டும். ஆர்டர் நிலையாக வரத் தொடங்கிய பிறகு காசு கொடுத்து வாங்குகிற வில்காம் மாதிரி ஒன்றைப் பற்றி யோசிக்கலாம். அதில் டாங்கிள், அதாவது பென் டிரைவ் மாதிரி ஒரு சாவி, செருகினால்தான் ஓடுகிற பதிப்பு அமைந்தால், அந்தச் சின்னத் துண்டை நகை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் நகராத பெட்டிதான் தோது.

லேப்டாப் வேண்டும் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. மருமகள் கல்யாணமாகி வேறு ஊர் போனாலும் பஞ்சிங்கைக் கையோடு கொண்டுபோய்ச் செய்வாள் என்றால், அது பெரிய விஷயம். அவளுக்கு அந்த எண்ணம் இருந்தால் நான் சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு லேப்டாப்பே எடு, கூட ஒரு மானிட்டர் வாங்கி வீட்டில் வைத்துவிடு. ஆனால் உன் கடிதத்தில் மருமகன் சொன்னது இருக்கிறது, உன் வீட்டில் என் தங்கச்சி ஆடியில் எதுவும் வாங்கக்கூடாது என்று சொன்னதும் இருக்கிறது. மருமகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவள் அவள்தானே. அவளிடம் கேட்டாயா?

ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. என் மேஜையில் ஒரு மணி நேரம், பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரே பூவைப் போட்டுப் பார்க்கட்டும். வரும்போது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்து வா, பெரியது வேண்டாம், சில பேனல்கள் படிக்காது. ஃபைல் பெயரைச் சின்னதாக ஆங்கில எழுத்தில் வைக்கிற பழக்கத்தையும் அன்றைக்கே காட்டிவிடுகிறேன். உன் தங்கச்சி மத்தியானத்துக்கு அயிரை மீன் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். காலையிலேயே பஸ் ஏறிவிடு.

அன்புடன்,
உன் புதுமண்டபத்துக் கூட்டாளி