குடம் அடிக்கிற மாமாவுக்கு

பெல்தம், லண்டன்
மார்கழி, ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள மாமாவுக்கு, மருமகள் எழுதிக்கொள்வது. நான் நலம். அத்தை, ஆச்சி எல்லோர் நலமும் அறிய ஆவல். பிசானப் பயிர் எப்படி இருக்கிறது?

இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்கினால் அந்த வாரம் வெயிலே கண்ணில் படாது. "அங்க பொழுது எப்படிட்டி போவுது?" என்று போனில் கேட்டீர்கள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. சரி, இப்போது சொல்கிறேன். ஓட்டை உடைசலான படங்களோடும் புத்தகங்களோடும் போகிறது மாமா, சந்தோஷமாகவே.

நான் இருக்கும் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன வீட்டுச் சுவரில் நீல வட்டப் பலகை பதித்திருக்கிறார்கள். பிரெடி மெர்குரி என்ற பாட்டுக்காரர் இருந்த வீடு. பேர்தான் அப்படி, ஆள் பார்சி. 1946-ல் சான்சிபாரில் பிறந்து, பஞ்ச்கனியில் ஹாஸ்டலில் படித்து, 1964-ல் குடும்பத்தோடு இங்கே வந்தவர். குயீன் என்கிற ராக் குழுவில் பாடி உலகத்தையே ஆட்டிவைத்தார். 1991-ல் எய்ட்ஸில் போய்விட்டார். அவர் கதையை 2018-ல் 'பொஹீமியன் ராப்சடி' என்று படமாக எடுத்தார்கள்.

போன மாதம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். மாடி அறையில் இருக்கும் பஞ்சாபி அண்ணன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். படத்தில் பிரெடிக்கும் முதலில் அதே வேலைதான். "இவ்வளவு நிதானமாப் பெட்டி இறக்கினா சூப்பர்வைசர் விடுவானா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர், அப்புறம் வாயே திறக்கவில்லை.

படத்தில் புளுகு கொஞ்சநஞ்சமில்லை. 1977-ல் வந்த பாட்டை 1980-ல் உருவாக்குவதாகக் காட்டுகிறார்கள். 1985 ஜூலை 13, எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பணம் திரட்ட வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கச்சேரிதான் உச்சகட்டம். பிரிந்து கிடந்த குழு அதற்காக ஒன்றுசேர்கிறதாம். நிஜத்தில் அந்த மே மாதம்கூட ஜப்பானில் சேர்ந்துதான் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். நோய் இருப்பதை ஒத்திகையில் கூட்டாளிகளிடம் சொல்கிற கட்டம் வேறு. அவருக்கே அது தெரிந்தது 1987-ல் என்கிறார்கள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற காட்சியில் ஒரு ஆள் வாய் மூடுவதற்குள் அஞ்சு முகம் வந்து போகிறது, கண் வலிக்கிறது. அந்த எடிட்டிங்குக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள்!

இவ்வளவும் தெரிந்துதான் பார்த்தேன். ஆனாலும் கடைசியில் அவர் பியானோ முன்னால் உட்கார்ந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பஞ்சாபி அண்ணன் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது உங்கள் நினைப்புத்தான். எனக்குப் பத்து வயசிருக்கும். கோயில் கொடையில் இசக்கி கதை வில்லுப்பாட்டு முடிந்ததும் உங்களிடம் வந்து சண்டை போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "போன வருசம் தாசி ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செத்தா, இந்த வருசம் கால்மணி நேரம் பாடிட்டுச் சாவுதா, எது மாமா நெசம்?" நீங்கள் குடத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "ஏட்டி, ரெண்டு மணிக்கு சனம் தூங்கிரும்லா, அதான் புலவர் நீட்டுதாரு" என்றீர்கள். கயத்தாறு வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலேயே கட்டபொம்மன் வசனம் பேசுவீர்களே, அதை 1959 படத்துக்கு எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. 1799-ல் அங்கே தூக்கில் தொங்கியவரே பேசியது என்றுதான் நான் காலேஜ் போகும்வரை நினைத்திருந்தேன்.

புத்தகத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கிற கடை இங்கே தெருவுக்கு ஒன்று. அங்கே ஒரு பவுண்டுக்கு எடுத்தேன். பிள்ளைகளை ஒருவரை ஒருவர் கொல்லவிட்டு வேடிக்கை பார்க்கும் ஒரு நாட்டின் கதையைச் சூசன் காலின்ஸ் என்ற அம்மா முன்பு எழுதியிருந்தார். அதில் வருகிற கிழட்டு வில்லன் பதினெட்டு வயதில் எப்படி இருந்தான் என்று 2020-ல் 'தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்' என்று இன்னொன்று எழுதினார். அதுதான் இது. பேர்பெற்ற குடும்பம், நொடித்துப்போய்விட்டது. வீட்டில் முட்டைக்கோஸ் வேகிற நாற்றம், வெளியே போகும்போது மட்டும் மடிப்புக் கலையாத சட்டை. ஐந்நூறு பக்கத்துக்கு மேல். நடுவில் பாட்டாகப் பாடித் தள்ளுகிறார்கள், கடைசியில் ரயிலைப் பிடிக்கிற மாதிரி ஓடுகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. இசக்கிக்கு ஒரு ஞாயம் இருக்கிறது மாமா. காதலனை நம்பி அவன் மடியில் தலைவைத்துத் தூங்கினவள் தலையில் அவனே கல்லைப் போட்டான், கள்ளிச்செடி சாட்சி. அவள் நீலியாகத் திரும்பி வந்து பழையனூரைக் கலங்கடித்தால் கேட்கிறவனுக்குப் பயமும் வரும், அழுகையும் வரும். இந்தப் புத்தகத்துப் பையனுக்கு அப்படி என்ன நடந்துவிட்டது? முட்டைக்கோஸ் தின்றவனெல்லாம் கொலைகாரனாகிவிடுகிறானா? இப்படித் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரி ஓய்வறையில் டீ ஆறிப்போகிற வரைக்கும் படித்தேன். இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.

கொடை வரி அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை இசக்கி கதையை முழுசாக ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்கள், புலவர் எவ்வளவு நீட்டினாலும் சரி. பஞ்சாபி அண்ணனும் கேட்க வேண்டுமாம், பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்ல நானாயிற்று. போனை மட்டும் குடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். போன தடவை மூன்று மணி நேரமும் உங்கள் குடம் மட்டும்தான் கேட்டது.

அன்பு மருமகள்