பெப்ரவரி ஒன்றுக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

கனடாவில் நீ மேற்கொண்டு ஆர்.என். (பட்டம் படித்த தாதி) ஆவதற்கான படிப்பைப் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லாம் அட்டன் டவுனில் பிரிண்ட் எடுத்து வந்துவிட்டேன். 31 பக்கம். போன் திரையில் வாசித்தால் எனக்கு மண்டையில் ஏறாது. மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. அடுப்படியில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு முழுவதையும் வாசித்தேன். அம்மா பிளேன்டீ ஊற்றித் தந்துகொண்டே, "என்னதான் எழுதியிருக்கு, சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டும் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, "36 வயசுல, ரெண்டு பிள்ளைகள வச்சிக்கிட்டு இன்னொரு படிப்பு தேவையாப்பா?" என்று. போனில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். தேவை மகள். இந்தத் தடவையே விண்ணப்பம் போட்டுவிடு.

இப்போது செய்கிற ஆர்.பி.என். (டிப்ளோமா படித்த தாதி) வேலையைக் குறைவாக நினைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்த டிப்ளோமா வாங்கிய நாள் எடுத்த படத்தை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறாள். என் மனதில் நிற்பது நீ சொன்ன அந்த இரவு. நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் பன்னிரண்டாம் இலக்க அறைத் தாத்தாவுக்கு மூச்சு நிமிடத்துக்கு 28 தடவை போகத் தொடங்கிவிட்டது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாய், விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்த்தாய், ஆர்.என்.ஐக் கூப்பிட்டாய். அவர் மேல்மாடியிலிருந்து வந்து, முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, டொக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். நீ பக்கத்தில் நின்றாய். "அவங்க எதை வச்சி அந்த முடிவுக்கு வந்தாங்கன்னு எனக்குத் தெரியணும்ப்பா" என்றாய். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆசை இருக்கிற பிள்ளை படிக்காமல் இருக்கக் கூடாது.

நான் விளங்கிக்கொண்டது சரிதானா பார். நிலை மாறாமல் இருக்கிற நோயாளியை ஆர்.பி.என். தனியாகவே பார்க்கலாம். நிலை சிக்கலாகி, அடுத்து என்ன ஆகும் என்று சொல்ல முடியாத கட்டம் வந்தால் ஆர்.என். வர வேண்டும். இரண்டு பேரும் படிப்பது ஒரே துறை அறிவுதான், ஆர்.என். அதைக் கூடுதல் காலம், கூடுதல் ஆழமாகப் படிக்கிறார். உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் புதிதாக ஆர்.என். ஆகிறவர்களுக்கு 2005இலிருந்து பட்டம் கட்டாயம். முதியோர் இல்லம் என்றால் எந்நேரமும் ஒரு ஆர்.என். அங்கே இருந்தாக வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆகவே படித்து முடித்தால் வேலைக்கு அலைய வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

பிரிட்ஜிங் என்றால் முதலிலிருந்து நாலு வருடம் இல்லை, உன் டிப்ளோமாவைக் கணக்கில் எடுத்து நடுவில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு இந்தக் காகிதங்களை வாசித்த பிறகுதான் தெரிந்தது. நீ குறித்து வைத்த மூன்று வழியில், ரொறன்ரோவில் முழு நேரமாகப் போவது உன் வீட்டு நிலைமைக்குச் சரிவராது. மாப்பிள்ளைக்கு இரவு வேலை, சின்னவளுக்கு நாலு வயது. அதபாஸ்கா பல்கலைக்கழகம் 1,700 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறது, அது உனக்கு எப்போதோ தாண்டியிருக்கும். பாடம் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் க்ளினிகல் பயிற்சிக்கு ஆல்பர்ட்டா வரைக்கும் போக வேண்டி வரும், அந்த வாரங்களில் பிள்ளைகளை யார் பார்ப்பது? நிபிசிங் பல்கலைக்கழகத்தின் படிப்புதான் எனக்குப் பிடித்தது. வேலையை விடாமல் பகுதி நேரமாகப் படிக்கலாம், பாடம் கணினியில். வருடம் கூடத்தான் ஆகும். ஆகட்டும். ஆனால் அது ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதே, குறைந்தது இரண்டு இடத்துக்குப் போடு. கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்துக்கு பெப்ரவரி 1 என்று இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் திகதி இடத்துக்கு இடம் மாறும், ஒவ்வொன்றாகப் பார்த்து எனக்கு எழுதி அனுப்பு. கலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறேன்.

கடைசியில் வருகிற, ஆர்.என். ஆகப் பதிவு பெறுவதற்கான என்கிளெக்ஸ் பரீட்சையை நினைத்து இப்போதே பயப்படாதே. நீ எழுதிப் பாஸான பரீட்சை மாதிரித்தான் அதுவும், உன் விடையைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைத் தெரிவு செய்யும். 85 கேள்வியிலும் முடியலாம், 150 வரையும் போகலாம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆசிரியர் வேலைக்கு வந்த புதிதில், நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் உயர்தரம் படித்துப் பாஸானாள். தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து அப்படிப் படித்த முதல் பெண்பிள்ளை அவள். அரசாங்க வர்த்தமானியில் தாதிப் பயிற்சிக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அதிலிருந்த மாதிரியைப் பார்த்துத் தாளில் நாமே எழுதி அனுப்ப வேண்டும். அவள் என்னிடம்தான் வந்தாள். நான் எழுதினேன். ஒரு இடத்தில் வெட்டி எழுத வேண்டி வந்தது. அது கண்ணுக்கு உறுத்தியதால் புதுத்தாளில் மறுபடி எழுதினேன். பிறகு அவளுடைய முகவரியை இன்னும் தெளிவாகப் போடலாம் என்று மூன்றாவது தடவை. அதற்குள் நாலு நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள் மண் சரிந்து பாதை மூடி, பஸ் ஓடவில்லை. பதிவுத் தபால் ஒரு நாள் பிந்திப் போனது. ஒரு மாதம் கழித்து, "காலம் கடந்து கிடைத்தது" என்று ஒரே வரியோடு திரும்பி வந்தது. அடுத்த தடவை ஆள் கேட்டபோது அவளுக்குக் கல்யாணம் முடிந்து, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போகிற வழியில் கண்டால் இன்றைக்கும் "வணக்கம் சேர்" என்பாள். அந்த முதல் தாளையே நான் அனுப்பியிருக்கலாம், மகள். அந்த வெட்டு யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

அதனால்தான் விண்ணப்பத்தோடு போகிற உன் சுயவிளக்கக் கட்டுரை "இன்னும் சரியா வரலப்பா" என்று நீ சொன்னதும் எனக்கு மனது பதறியது. எட்டாவது தடவையாகத் திருத்துகிறாயாமே. நிறுத்து. சின்ன வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை என்று தொடங்கும் முதல் இரண்டு பந்தியையும் எடுத்துவிடு, எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். தாத்தாவின் மூச்சை நீ எண்ணிய இடத்திலிருந்து தொடங்கு. அவர் பெயரும் இல்லத்தின் பெயரும் வேண்டாம். எண்ணினேன், கூப்பிட்டேன், இவ்வளவு எனக்குத் தெரிந்தது, இது எனக்குத் தெரியவில்லை, அதைப் படிக்க வருகிறேன் என்று நேராக எழுது. ஒரு பக்கம் போதும்.

வேலைத்தலத்தில் நீ வேலை செய்த மணித்தியாலக் கணக்குக் கடிதத்தை இந்தக் கிழமையே கேள். மற்றவர்கள் எழுதித் தர வேண்டியவை எல்லாம் பிந்தும், நம் கையில் இருப்பது பிந்தாது. உனக்குச் சிபாரிசு எழுதுகிற மேற்பார்வையாளருக்கும் திகதியை நீயே ஒரு வாரம் முன்தள்ளிச் சொல்லு.

அப்புறம் பெயர் விஷயம். இது என் துறை, கவனமாகக் கேள். உன் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் கேட்டு எழுதிய மாதிரி, உயர்தரச் சான்றிதழில் பள்ளிக்கூடம் எழுதிய மாதிரி, கனடாவில் மாப்பிள்ளை பெயரோடு சேர்த்து. இந்தத் தோட்டத்தில் எத்தனை பேருக்கு ஒரு எழுத்துக்காக அடையாள அட்டை கிடைக்காமல், ஓய்வூதியம் கிடைக்காமல் நான் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியிருக்கிறேன். அதனால் நீ கேட்பதற்கு முன்னாலேயே சட்டத்தரணியிடம் போய், மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்துவிட்டேன். எந்தப் பல்கலைக்கழகமாவது பள்ளிச் சான்றிதழ் கேட்டால் இதையும் சேர்த்து வை.

பணத்துக்கு, ஆர்.பி.என். ஆட்கள் ஆர்.என். படிக்க மாகாண அரசு உதவுகிற பிகின் திட்டத்தைப் பார். படித்து முடித்ததும் முதியோர் இல்லத்திலோ வீட்டுப் பராமரிப்பிலோ குறிப்பிட்ட காலம் வேலை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டுமாம், உனக்கு அது ஒரு கட்டுப்பாடே இல்லை. எங்களுக்கு மாதம் அனுப்புவதைப் படிப்பு முடியும்வரை நிறுத்திக்கொள். அம்மாவும் நானும் பேசித்தான் சொல்கிறோம். என் ஓய்வூதியம் எங்கள் இரண்டு பேருக்கும் போதும், பின்பக்கத் தோட்டத்தில் லீக்ஸும் கரட்டும் இருக்கிறது.

சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதியையும் சத்தியக்கடதாசியையும் திங்கட்கிழமை காலையில் பதிவுத் தபாலில் போடுகிறேன். மழை விடாவிட்டாலும் போவேன். பற்றுச்சீட்டின் இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ அன்றைக்கே கட்டுரையின் கடைசிப் பிரதியை எனக்கு அனுப்பு. பிழை பார்க்க மாட்டேன், வாசிக்க மட்டும்தான்.

பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா