தடையை மீறுவோம், சாலையை விட்டுவிடுவோம்

போராட்டக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் ஒரு விலை அறிவிக்கிறது. பறிகூலியும் உரமும் போக அதில் கையில் நிற்பது சொற்பம். அதையாவது இலை வாங்குகிறவர்கள் முழுசாகத் தருகிறார்களா? ஈரம், முற்றல் என்று மூட்டைக்கு மூட்டை எடையில் கழித்துவிட்டுத்தான் கணக்கே எழுதுகிறார்கள். பறித்த இலையை வைத்திருந்து நல்ல விலைக்கு விற்க முடியாது; சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். அது வாங்குகிறவருக்கும் நன்றாகத் தெரியும்.

மனு கொடுத்துச் சலித்துவிட்டோம். இனி கூட்டம் கூடக்கூடாது என்று தடை போட்டால் மீறத்தான் வேண்டும். (அந்தத் தடைக்கான சட்டப்பிரிவை 144 என்றே இன்னும் சொல்கிறோம், 2024 ஜூலையிலிருந்து அது 163.) அதில் எனக்குத் தயக்கமில்லை. மேட்டுப்பாளையம் போகும் மலைச்சாலையில், குஞ்சப்பனையில் மறியல் என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் அறிவித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். உத்தரவு மீறப்பட்டது, வேறு யார் சோறும் பறிபோகவில்லை. அநியாயம் உப்புச் சட்டத்தில் இருந்தது, உப்பையே அள்ளினார்கள். ராஜாஜி ஓடி ஒளியவில்லை, ஜெயிலுக்குப் போனார்.

நமக்கான அநியாயம் எடைத்தராசில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் சாலையில் இல்லை. பெரிய வைத்தியம் என்றால் பலரும் இன்னும் அந்தச் சாலை வழியாகக் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். குஞ்சப்பனை வளைவில் ஆம்புலன்ஸைத் திருப்பக்கூட இடமிருக்காது. 'ஆம்புலன்ஸுக்கு வழி விடுவோம்' என்பீர்கள். வாடகைக் காரில் போகும் நோயாளியை யார் கண்டுபிடிப்பது? அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளத்தை யார் தருவது? சட்டத்தை மீறும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது? அதன் வலியை நாமே வாங்கிக்கொள்வதிலிருந்துதான். அடுத்தவன் தலையில் அதை இறக்கினால், எடையில் கழிக்கிறவர்களை எந்த வாயால் கேட்பது?

மறித்தால்தான் அரசு திரும்பிப் பார்க்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஊட்டி ஆட்சியர் அலுவலக வாசலில், பெண்களும் பெரியவர்களுமாக, சொந்தப் பெயரைச் சொல்லிக் கைதாவோம். மறுநாள் அடுத்த ஊர்க்காரர்கள் வரட்டும். வேன் போதாமல் போகும்போது பார்க்காமலா இருப்பார்கள்?

எனக்கும் ஒரு இடம் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஊட்டி என்றால் முதல் வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குஞ்சப்பனை என்றால் என் பெயரை அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி